ஒருமுறை பார்த்த பிரஷர்

சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பட்டையைச் சுற்றி, காற்றடித்து இறக்கி, ‘150க்கு 96’ என்று சொல்லி முடிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தின் பேரில் எழுதப்படும் மாத்திரையைப் பலர் இருபது, முப்பது ஆண்டுகள் விடாமல் சாப்பிடுகிறார்கள். சர்க்கரை நோய் என்று சொல்வதற்கு முன் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்க்கிறோம். ரத்த அழுத்தத்துக்கு அப்படிச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தம் ஏறி இறங்குகிறது. பட்டை கட்டிப் பார்க்கும்போது நம் கையில் சிக்குபவை அவற்றில் சில பத்துத் துடிப்புகள். இதை வைத்து ஒருவருக்கு உயர் ரத்த அழுத்த நோய் இருக்கிறது என்று எந்த அளவுக்கு நம்பிச் சொல்லலாம்? கருவி மோசம் என்பது என் பதிலாக இருக்காது. நோய் என்று பெயரிடுவதற்கான எல்லைக்கோடு ஒரு வகையான அளவீட்டை வைத்துப் போடப்பட்டது. நம் மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது வேறு வகையான அளவீடு. கோட்டை எடுத்துக்கொண்டு முறையை விட்டுவிட்டோம். குழப்பத்தின் பெரும்பகுதி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

முதலில் இந்த அளவீட்டின் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் வெளியிட்ட நூலில், ஒரு குதிரையின் தமனிக்குள் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் இணைத்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றதை விவரித்தார். தமனியைத் திறக்காமலேயே மனிதரிடம் அதை அளக்க 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாலிய மருத்துவர் சிப்பியோனே ரீவா ரோச்சி மேல்கையில் காற்றுப் பட்டையைக் கட்டி, நாடி மறையும் இடத்தைப் பாதரசத்தில் படித்தார். 1905இல் ரஷ்ய அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்காஃப் அதனுடன் ஸ்டெதஸ்கோப்பைச் சேர்த்தார்: காற்று இறங்கும்போது தட்டொலி கேட்கத் தொடங்குவது மேல் அளவு, ஒலி மறைவது கீழ் அளவு. ஊசி இல்லை, வலி இல்லை, செலவும் சொற்பம். இப்படிக் கிடைத்த எளிய எண்தான் பக்கவாதத்தையும் மாரடைப்பையும் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கிறது. 61 ஆய்வுகளில் இருந்த பத்து லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு, நடுத்தர வயதினரிடம் 115க்கு 75 என்ற அளவிலிருந்து மேல் அளவு ஒவ்வொரு 20 மி.மீ. ஏறும்போதும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் சாகும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காவதைக் காட்டியது. அளவீட்டில் பிழைகள் மலிந்திருந்தும் இந்தத் தொடர்பு இவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது. தாறுமாறான பிழை எந்தத் தொடர்பையும் மங்கலாக்கத்தான் செய்யும்; ஆகவே உண்மையான தொடர்பு கண்ணுக்குத் தெரிவதைவிட வலுவானது. ‘பிரஷர் என்பதே மருந்துக் கம்பெனிகளின் கட்டுக்கதை’ என்று பேசித் திரிபவர்களுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

பெருந்திரளான மக்களைப் பற்றி நம்பிக்கையோடு சொல்லக்கூடியதை ஒரு தனி மனிதரைப் பற்றி அதே நம்பிக்கையோடு சொல்ல முடியாது. 1950களில் பிரிட்டனில் ராபர்ட் பிளாட், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரு மருத்துவ மேதைகளுக்கிடையே நீண்ட விவாதம் நடந்தது. உயர் அழுத்தம் உள்ளவர்கள் மரபிலேயே தனி வகையினர் என்றார் பிளாட். அப்படி ஒரு பிரிவினை இயற்கையில் இல்லை, உயரத்தைப் போல அழுத்தமும் மக்களிடையே தொடர்ச்சியாகப் பரவிக் கிடக்கிறது, எங்கே கோடு போட்டாலும் அது நாம் போடும் கோடுதான் என்றார் பிக்கரிங். காலம் பிக்கரிங்கின் பக்கம் நின்றது. இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டுக்கு இருபுறமும் மக்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். 2017இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் எல்லையை 140/90இலிருந்து 130/80க்கு இறக்கியபோது, நோயாளிகள் எனப்பட்டோர் அந்நாட்டுப் பெரியவர்களில் 32 விழுக்காட்டிலிருந்து 46 விழுக்காடாக உயர்ந்தார்கள். அதைப் பற்றி உலகமெங்கும் சூடாக விவாதித்தார்கள். கோட்டை 10 மி.மீ. நகர்த்தினால் இத்தனை கோடிப் பேர் இடம் மாறுவார்கள் என்றால், அளவீட்டில் 10 மி.மீ. பிழை வந்தாலும் அதே அளவு மக்கள் இடம் மாறத்தானே செய்வார்கள்? அந்தப் பிழை ஒவ்வொரு நாளும் நடக்கிறது. யாரும் அதைப் பற்றி விவாதிப்பதில்லை.

பிழை எவ்வளவு எளிதாக வருகிறது என்பதற்குச் சமீபத்தில் துல்லியமான சான்றுகள் கிடைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 133 பேரை வைத்து நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கையை மேசைமேல் இதய உயரத்தில் வைப்பதற்குப் பதிலாக மடியில் வைத்தால் மேல் அளவு சராசரியாக 4 மி.மீ. கூடியது; பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 மி.மீ. கூடியது. அதே நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு பட்டையின் அகலத்தைச் சோதித்தது. பெரிய பட்டை தேவைப்படும் கைக்கு வழக்கமான பட்டையைக் கட்டியபோது மேல் அளவு சுமார் 5 மி.மீ. அதிகம் காட்டியது, மிகப் பெரிய பட்டை தேவைப்படுவோருக்கு அது ஏறத்தாழ 20 மி.மீ. அதிகம் காட்டியது. ஒல்லியான கைக்கு அதே பட்டை குறைத்துக் காட்டியது. பருத்த உடலுடைய ஒருவர் 125இல் இருந்துகொண்டே 145 என்று எழுதப்பட்டு வீடு திரும்பலாம் என்பதே இதன் பொருள். எத்தனை மருத்துவமனைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் பட்டை வைத்திருக்கிறார்கள்? காற்றை இறக்கும் வேகமும் இப்படித்தான். நொடிக்கு 2 மி.மீ. என்பது பாடப்புத்தக விதி. நாடி நிமிடத்துக்கு 60 இருப்பவருக்கு நொடிக்கு 10 மி.மீ. வேகத்தில் இறக்கினால் ஒரு தட்டொலிக்கும் அடுத்ததற்கும் இடையே 10 மி.மீ. இடைவெளி விழுகிறது, உண்மை அளவு அந்த இடைவெளியில் எங்கும் இருக்கலாம். இவை போக, பேச்சு, குறுக்கே போட்ட கால், முட்டிக்கொண்டிருக்கும் சிறுநீர், சற்றுமுன் குடித்த காபி, படியேறி வந்த மூச்சிரைப்பு என்று ஒவ்வொன்றும் தன் பங்கைச் சேர்க்கிறது. இவற்றில் பெரும்பாலானவை அளவைக் கூட்டவே செய்கின்றன என்பதால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்றும் ஆறுதல் கொள்ள முடியாது. இது கவனக்குறைவான சிலரின் தவறும் அல்ல. அமெரிக்காவில் 37 மாநிலங்களிலிருந்து வந்த 159 மருத்துவ மாணவர்களிடம் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி, அதற்குத் தேவையான 11 படிகளையும் சோதித்தார்கள். பதினொன்றையும் சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். சராசரி மாணவர் நான்கு படிகளைத்தான் சரியாகச் செய்தார். மிக எளிமையான சோதனை என்ற எண்ணமே அதைக் கற்றுத் தராமல் விட்டதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் சரி செய்தாலும் மீதியிருப்பது மருத்துவரின் வருகை. 1983இல் இத்தாலியில் ஜுசெப்பே மான்சியா குழுவினர் மருத்துவமனையில் இருந்தவர்களின் தமனிக்குள்ளேயே குழாய் வைத்து அழுத்தத்தை இடைவிடாமல் பதிவு செய்தார்கள். மருத்துவர் பட்டையோடு அறைக்குள் வந்த முதல் சில நிமிடங்களில் மேல் அளவு சராசரியாக 27 மி.மீ., கீழ் அளவு 15 மி.மீ. எகிறியது. அதே குழுவின் பிந்தைய ஆய்வில், செவிலியர் வந்தபோது ஏற்றம் கணிசமாகக் குறைவு. ‘வெள்ளை அங்கி’ ஏற்றம் என்று பின்னர் புகழ்பெற்ற இதை அமெரிக்காவில் விரிவாக ஆராய்ந்தவர் தாமஸ் பிக்கரிங். பிளாட்டோடு வாதாடிய ஜார்ஜ் பிக்கரிங்கின் மகன். கோடு நாம் போடுவது என்று தந்தை நிறுவினார். அந்தக் கோட்டைத் தாண்டியதாகத் தெரிபவர்களில் ஒரு பகுதியினர் மருத்துவரின் முன்னால் மட்டுமே தாண்டுகிறார்கள் என்று மகன் காட்டினார். நேர்மாறான கூட்டமும் உண்டு: மருத்துவமனையில் 130, வேலையிலும் வீட்டிலும் 150. இவர்களின் நோய் ஒளிந்துகொள்கிறது. ‘பிரஷர் நார்மல்’ என்ற சான்றோடு இவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்பதால், தேவையில்லாமல் மாத்திரை வாங்குபவர்களைவிட இவர்களைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். 24 மணி நேரமும் கையில் கட்டியிருந்து பகலிலும் இரவிலும் தானே அளக்கும் கருவியை உரைகல்லாக வைத்து மருத்துவமனை அளவீட்டைச் சோதித்த ஆய்வுகளை 2011இல் பிரிட்டனில் தொகுத்தார்கள். நோய் உள்ள நூறு பேரில் மருத்துவமனை அளவீடு சுமார் 75 பேரைப் பிடித்தது. நோய் இல்லாத நூறு பேரில் சுமார் 25 பேருக்கு இருப்பதாகச் சொன்னது.

எல்லைக்கோடும் முறையும் பிரிந்துபோனதற்கு ஸ்பிரிண்ட் ஆய்வைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. அமெரிக்காவில் 9,361 பேரை வைத்து நடந்து 2015இல் வெளியான இந்த ஆய்வு, மேல் அளவை 140க்குக் கீழே வைப்பதைவிட 120க்குக் கீழே கொண்டுவந்தால் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து கால்பங்கு குறைவதைக் காட்டியது. உலகமே அந்த 120ஐப் பிடித்துக்கொண்டது. அந்த 120 எப்படி அளக்கப்பட்டது என்பதை அதே ஆர்வத்தோடு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கிக் கருவியால் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்தார்கள். பல மையங்களில் ஓய்வின்போதோ அளக்கும்போதோ அறையில் யாருமே இல்லை. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களிடம் இந்த முறையையும் வழக்கமான மருத்துவமனை முறையையும் ராஜீவ் அகர்வால் 2017இல் ஒப்பிட்டபோது, வழக்கமான முறை சராசரியாக 12.7 மி.மீ. அதிகம் காட்டியது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்ததால், பொதுவாக 12ஐக் கழித்துக்கொண்டால் போதும் என்ற குறுக்குவழியும் அடைபட்டது. ஆக, ஸ்பிரிண்டின் 120ஐ நெரிசலான புறநோயாளிப் பிரிவின் 120 என்று எண்ணி மருந்தைக் கூட்டும் மருத்துவர், அந்த ஆய்வு சோதிக்காத ஒரு சிகிச்சையைத் தருகிறார். முதியவர் ஒருவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அது போதும்.

இத்தனை பிழைகள் இருந்தும் மருத்துவர்களுக்கு ஏன் அது உறைப்பதில்லை? இதற்கு ஒரு புள்ளியியல் காரணம் இருக்கிறது. மொத்த விஷயத்திலும் மிகவும் கவனிக்க வேண்டியது இதுவே என்பேன். ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ஓர் அளவில், உச்சத்தில் இருந்தபோது பிடித்தவர்களை மறுபடி அளந்தால், எதுவும் செய்யாமலேயே சராசரி கீழே இறங்கும். மருத்துவமனைச் சூழலுக்குப் பழகுவதும் சேர்ந்துகொள்ளும். மிதமான உயர் அழுத்தத்துக்கு மருந்து தருவதைச் சோதித்த பழைய பெரும் ஆய்வுகளில், வெற்று மாத்திரை வாங்கிய குழுவிலும் அழுத்தம் கணிசமாக இறங்கியது. ஒரே அளவீட்டில் நோய் என்று முடிவு செய்து மாத்திரை எழுதினால் அடுத்த மாதம் என்ன நடக்கும்? அளவு குறைந்திருக்கும். மருத்துவர் மாத்திரைக்கு நன்றி சொல்வார், நோயாளியும் சொல்வார். முதல் முடிவு தவறாக இருந்தாலும் சரியாக இருந்தாலும் இருவருக்கும் கிடைக்கும் சான்று ஒன்றே. தன் தவறைத் தானே மறைத்துக்கொள்ளும் நடைமுறையை அனுபவத்தால் திருத்த முடியாது. ‘முப்பது வருஷமாக இப்படித்தான் பார்க்கிறேன், நோயாளிகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்’ என்ற வாதம் அதனால்தான் இங்கே செல்லுபடியாகாது. பெயர் சூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரில் இரும்பாலைத் தொழிலாளர்களிடம் நடந்து 1978இல் வெளியான ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள் அதன்பிறகு வேலைக்கு வராத நாட்கள் கூடின. மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் மட்டுமல்லாமல், எடுத்துக்கொள்ளாதவர்களிடமும் இது நடந்தது.

நம் ஊரில் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, ‘மெர்குரி மிஷினில் பாருங்கள், டிஜிட்டலை நம்பாதீர்கள்’ என்பது. பாதரசம் பொய் சொல்லாது என்பது சரி. அதைப் படிக்கும் கண்ணும் கேட்கும் காதும் சொல்லும். கையால் எடுத்த அளவுகளின் பதிவேடு எதைப் புரட்டினாலும் 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடிபவை குவிந்து கிடக்கும். இயற்கையில் ஐந்தில் ஒன்றுதான் அப்படி முடிய வேண்டும், ஏனென்றால் கருவியின் கோடுகள் இரண்டிரண்டாகப் பிரிந்தவை. எல்லைக்கோடே 140இலும் 90இலும் இருக்கும்போது இந்தப் பழக்கம் விளையாட்டல்ல. 2013இல் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை பாதரசக் கருவிகளை விலக்கும்படி சொல்லிவிட்டதால் அவை எப்படியும் விடைபெறுகின்றன. டிஜிட்டல் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டையில் ஏற்படும் அதிர்வைப் பதிந்து, தயாரிப்பாளர் வெளியிடாத ஒரு கணக்கின் மூலம் மேல், கீழ் அளவுகளை ஊகிக்கிறது. அதனால்தான் சோதிக்கப்பட்ட மாதிரியா என்று கேட்டு வாங்க வேண்டும். சர்வதேசத் தரத்தின்படி 85 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து, சராசரி வித்தியாசம் 5 மி.மீ.க்குள்ளும் அதன் பரவல் 8 மி.மீ.க்குள்ளும் இருந்தால் கருவி தேறும். தேறிய கருவிகூட ஒரு குறிப்பிட்ட நபரிடம் அதைவிட விலகலாம் என்பதையும், நாடி ஒழுங்கில்லாமல் துடிப்பவர்களிடம் எல்லாக் கருவிகளும் தடுமாறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மணிக்கட்டில் கட்டுபவையும் கைக்கடிகாரங்களும் நோயைத் தீர்மானிக்க இப்போதைக்கு உதவாது. ஆனாலும் மேல்கையில் கட்டும் தேறிய டிஜிட்டல் கருவி, அவசரத்தில் இருக்கும் மனிதக் காதைவிட மேல்.

தீர்வு மருத்துவமனைக்கு வெளியே இருக்கிறது. 2011இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மருத்துவமனையில் 140/90 அல்லது அதற்குமேல் வந்தால் 24 மணி நேரக் கருவியால் உறுதி செய்த பிறகே நோய் என்று சொல்ல வேண்டும் என்று விதித்தது. அது முடியாதவர்களுக்கு வீட்டு அளவீடு. காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, முடிந்தால் ஏழு நாள். முதல் நாளை ஒதுக்கிவிட்டு மீதியின் சராசரி 135/85ஐத் தொட்டால் நோய். எல்லை 5 மி.மீ. கீழே இருப்பதைக் கவனிக்க வேண்டும்: முறை மாறினால் கோடும் மாறுகிறது. வீட்டு அளவீடு குறையற்றது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன தொகுப்பாய்விலேயே அது நோயுள்ளவர்களைக் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் நோயில்லாதவர்களைச் சரியாக விலக்குவதில் மருத்துவமனை அளவீட்டைவிடப் பின்தங்கியது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் நாளுக்கு இருபது முறை பார்த்துத் தங்களையே வாட்டிக்கொள்வதும் உண்டு. ஆயினும் வருங்காலப் பக்கவாதத்தை ஊகிப்பதில், ஜப்பானின் ஒஹசாமா ஊரில் நடந்த நெடுங்கால ஆய்வு உட்படப் பல ஆய்வுகள், வீட்டுச் சராசரி மருத்துவமனை அளவை விஞ்சுவதைக் காட்டியிருக்கின்றன.

இதற்கு மிக வலுவான மறுப்பு ஏழை நாடுகளிலிருந்து வருகிறது. உலகில் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியப் பெரியவர்களில் 35.5 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக மதிப்பிட்டது. கூலி வேலையை விட்டுவிட்டு ஒருநாள் வந்தவரை ‘இன்னும் இரண்டு முறை வாருங்கள்’ என்று அனுப்பினால் அவர் திரும்பி வராமலே போகலாம். துல்லியத்தைத் தேடி ஆளை இழக்கலாமா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அளவு 180/110ஐத் தாண்டி, இதயத்திலோ சிறுநீரகத்திலோ பாதிப்பும் தெரிந்தால் முதல் நாளே சிகிச்சை தொடங்கலாம் என்பதில் வழிகாட்டிகளுக்குள் பெரிய சண்டை இல்லை. கர்ப்பிணிகளுக்கான விதிகளும் தனி. வாதம் 140க்கும் 160க்கும் இடைப்பட்ட பெருங்கூட்டத்தைப் பற்றியது. இவர்களுக்குச் சில வாரத் தாமதத்தால் வரும் ஆபத்து மிகச் சிறியது. தவறான முடிவால் வரும் சுமை ஆயுள் முழுவதும். அலட்சியமான அளவீடு நோயுள்ளவர்களைத் தவறவிடவும் செய்கிறது என்பதை இந்த மறுப்பைச் சொல்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். வெள்ளை அங்கி ஏற்றமும் முழுக்க அப்பாவி அல்ல, அது உள்ளவர்களுக்கும் பின்னாளில் ஆபத்து சற்றுக் கூடுகிறது என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான். அது அவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்கான காரணம். மாத்திரையால் அவர்களுக்குப் பலன் உண்டு என்பதற்கு இன்னும் உறுதியான சான்று இல்லை.

அடுத்தது நேரம். ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவரால் ஆளுக்கு ஐந்து நிமிட ஓய்வும் மூன்று அளவீடும் எப்படித் தர முடியும்? அவரால் முடியாது, அவர் செய்யவும் கூடாது. அவர் அறைக்குள் இருப்பதே அளவைக் கெடுக்கிறது என்று மான்சியா காட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நோயாளி எப்படியும் வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். அங்கே ஒரு மேசை, முதுகைச் சாய்க்கும்படி ஒரு நாற்காலி, மூன்று அளவுகளில் பட்டை, தேறிய தானியங்கிக் கருவி ஒன்று, பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் இருந்தால், மருத்துவரின் ஒரு நிமிடம்கூடச் செலவாகாது. வீட்டுக்கே போய் அளக்கும் ஏற்பாடும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று ரத்த அழுத்தம் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். மருத்துவமனைக்கு வெளியே, செவிலியரைவிட நெருக்கமான ஒருவரின் கையால் எடுக்கப்படும் அளவு பிரிட்டனே பொறாமைப்படக்கூடிய வாய்ப்பு. வாசலில் நின்றபடி ஒருமுறை எடுத்து எழுதிவிட்டுப் போனால் அந்த வாய்ப்பு வீண். உட்கார வைத்து, ஐந்து நிமிடம் கழித்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்து, இரண்டு எண்களையும் எழுதி, வேறொரு நாள் இதையே திரும்பச் செய்து, நான்கு எண்களும் தேதிகளோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே புதிதாக ஒருவருக்கு மாத்திரை தொடங்குவது என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு வருகையும் அட்டையில் மூன்று கட்டங்களும்தான்.